கோதை என்றால் என்ன பொருள்? நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் வழி

அக்கா மகளுக்குக் கோதை என்று பெயர் வைத்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்படின்னா என்ன?" என்று கேட்கிறார்கள். அதற்காகத் தேட ஆரம்பித்தவன் நான். உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயருக்கும் இதே வழியில் தேடலாம்.

முதலில் பெயரைத் தமிழ் எழுத்தில் சரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் கொடை, கோடை, கோதை மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும், பொருளோ மூன்றுக்கும் வேறு வேறு.

அப்புறம் அகராதி. பெயர்ப் பட்டியல்களில் வரும் ஒரு வரி விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். கோதைக்குப் பூமாலை, பெண், சேரன் என்றெல்லாம் பொருள் வரும், உடும்பு என்றும் வரும். உடும்பைப் பார்த்துப் பதறாதீர்கள். அது 'கோதா' என்ற வடசொல்லிலிருந்து வந்த வேறு சொல், தமிழில் எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். மாலை என்ற பொருளுக்கு வேர் நமக்குத் தெரிந்ததே: ஊசியில் நூல் கோக்கிறோமே, அந்தக் 'கோ'. கோத்தது கோதை.

சரி, அகராதியோடு விட்டுவிடலாமா? கூடாது, பழைய பாட்டில் அந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்று பார்க்க வேண்டும், எனக்குப் பிடித்த வேலையே இதுதான். புறநானூறு 48ஆம் பாட்டில் பொய்கையார், சேரமான் கோக்கோதை மார்பனைப் பாடுகிறார். "கோதை மார்பிற் கோதையானும், கோதையைப் புணர்ந்தோர் கோதையானும்" தொண்டி நகரம் தேன் மணக்கிறதாம். இரண்டு அடிக்குள் நான்கு கோதை! அரசன் பெயரும் கோதை, அவன் மார்பில் கிடக்கும் மாலையும் கோதை, அவனைத் தழுவிய பெண்களின் மாலையும் கோதை. ஆக, நாம் பெண் பெயர் என்று நினைப்பது ஒரு காலத்தில் சேர மன்னர்களின் பெயராகவும் இருந்திருக்கிறது. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்த சேரர் காசுகளே கிடைத்திருக்கின்றன.

அதைப் பெண்ணின் பெயராக நம் மனதில் நிறுத்தியவள் ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருமாளுக்குப் பூமாலை கட்டிய பெரியாழ்வாரின் மகள், கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தவள், அவள் பெயரே மாலை என்றால் வேறென்ன வேண்டும்! திருப்பாவையின் 30ஆம் பாட்டில் "பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ் மாலை முப்பதும்" என்று தன் பெயரையும் மாலையையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். வடமொழியில் அவளைக் கோதா என்பார்கள் (முன்னே சொன்ன உடும்புக் கோதா இல்லை, அது வேறு சொல்), வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் கோதா ஸ்துதி அவளைப் பற்றியதுதான். அந்தப் பெயருக்கு வடமொழி வழியில் தனி விளக்கம் உண்டு, அதைத் தமிழ்ச் சொல்லின் பொருளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கூட்டுப் பெயராக இருந்தால் பிரித்துப் பாருங்கள். பூங்கோதை என்றால் பூமாலை, அதைச் சூடிய பெண்ணையும் குறிக்கும். நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகியின் பெயரில் இருப்பதும் இதே கோதைதான்.

கடைசியாக, பெயர் வைத்தவரிடமே போய்க் கேளுங்கள். எங்கள் வீட்டில் அக்காவின் மாமியார்தான் வைத்தார், மார்கழியில் பிறந்த பிள்ளை என்பதால். இது எந்த அகராதியிலும் வராது, அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிட்டேன்.