எஃகின் பெயரைப் படித்து மடக்குக் கத்தி வாங்காதீர்கள்

நெல்லைச் சீமையில் அரிவாள் வாங்குகிறவர் யாரும் இரும்பு என்ன நம்பர் என்று கேட்பதில்லை. எந்தப் பட்டறை, யார் அடித்தது என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பட்டையில் ஒரு கொல்லர் அடித்தது வருஷக்கணக்கில் உழைக்கும். இன்னொருவர் அடித்தது முதல் உடைமுள்ளிலேயே வாய் மடியும். இதெல்லாம் தெரிந்த அதே ஆள், ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு மடக்குக் கத்தி தேடும்போது மட்டும் ‘டி2 ஸ்டீல்’, ‘440 ஸ்டீல்’ என்ற எழுத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார். மலிவுக் கத்திகளை எடைபோடுவதில் நடக்கும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எஃகின் பெயர், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். டி2 என்றால் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். சீனக் கத்திகளில் அதிகம் காணப்படும் 8சிஆர்13எம்ஓவி என்றால் கார்பன் 0.8, குரோமியம் 13. அதை எத்தனை டிகிரியில் காய்ச்சினார்கள், எப்படிக் குளிர்வித்தார்கள், மறுபடி எவ்வளவு சூடு காட்டிப் பதப்படுத்தினார்கள் என்பது அதில் இருக்காது. கத்தியின் தரம் பெரும்பாலும் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பதம் ஏறிய எஃகு எவ்வளவு கடினம் என்பதை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். 52, 53 என்றால் மெத்தென்று இருக்கும். நாலு அட்டைப்பெட்டி கிழித்தாலே வாய் மடங்கும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் சுமார் 56 வைத்திருக்கிறது: சீக்கிரம் மழுங்கும், ஆனால் ரெண்டு நிமிஷத்தில் தீட்டிவிடலாம். 58 முதல் 60 வரை என்றால் கூர் நீண்ட நாள் நிற்கும், தீட்டுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அமெரிக்காவின் பக் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய புகழ்பெற்ற 110 மாடலில் இருப்பது 420ஹெச்சி என்ற சாதாரண எஃகுதான். பதம் சரியாகப் போட்டிருப்பதால் அது 58 அளவுக்குக் கடினமாகி நன்றாக உழைக்கிறது. இன்னொரு பக்கம், ஊர் பேர் தெரியாத கம்பெனி ‘டி2’ என்று பெரிதாகப் பொறித்திருக்கும். உள்ளே இருப்பது டி2தானா, அப்படியே இருந்தாலும் பதம் ஏறியிருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. 440 என்று மொட்டையாகப் போட்டிருந்தாலும் உஷாராக இருங்கள். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு, கார்பன் அதிகம் உள்ளது கடைசிதான். அதைப் போட்டவன் ‘சி’யை விடாமல் எழுதுவான். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பதெல்லாம் வெறும் விளம்பரம்.

அப்படியானால் பிராண்டைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். எந்தப் பட்டறை என்று கேட்கிற அதே காரணத்துக்காகப் பார்க்க வேண்டும். சொந்தத் தொழிற்சாலை வைத்து, ஒரே மாடலை வருஷக்கணக்கில் ஒரே பதத்தில் செய்கிறார்களா, இல்லை யாரோ செய்ததில் லேபிள் ஒட்டி விற்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஒரே கத்தி, ஒரே படம், நாலைந்து வேறு வேறு பெயரில் விற்பனைக்கு இருந்தால் அது லேபிள் வியாபாரம்.

இதில் ‘சைனா சாமான்’ என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது இன்னொரு தவறு. குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்ற ஊர் கத்திக்கே பேர்போனது. சிவிவி என்பது வீ நைஃப் என்ற சீன நிறுவனத்தின் விலை குறைந்த வரிசை. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. கேன்சோ, சான்ரென்மு போன்றவையும் கொடுத்த காசுக்கு உழைக்கின்றன. கெர்ஷா, சிஆர்கேடி போன்ற அமெரிக்கப் பெயர்களே பல மாடல்களைச் சீனாவில்தான் செய்கின்றன. ஆக, நாட்டைப் பார்த்து முடிவுக்கு வருவதில் அர்த்தமில்லை. பாக்கெட்டில் இறக்குமதி செய்தவர் பெயரும் தயாரித்த நாடும் அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். அதுகூட இல்லாத இடத்தில் எஃகின் பெயரை மட்டும் எப்படி நம்புவது?

அடுத்த தவறு, கனமாக இருந்தால் நல்ல கத்தி என்று நினைப்பது. ‘டாக்டிகல்’ என்று விற்கும் மலிவுக் கத்திகளில் முதுகு மூன்றரை, நாலு மில்லிமீட்டர் இருக்கும். வாய்க்குச் சற்று மேலேயும் தடிமன் குறையாது. கையில் எடுத்தால் கெத்தாகத்தான் இருக்கும். மாங்காயை நறுக்கினால் வெட்டாது, பிளக்கும். பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் நம்பரை எடுத்தால் அலகு எட்டரை சென்டிமீட்டர், மெல்லிய தகடு, மரப்பிடி. இதை வைத்து என்ன செய்வது என்று பார்ப்பவர் சிரிப்பார். ஆனால் பழம் வெட்ட, வாழை இலை அறுக்க, சணல் கயிறு அறுக்க அதை மிஞ்ச ஆள் இல்லை. 1890இல் பிறந்த வடிவம், இன்னும் விற்கிறது. தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் நம் வீடுகளில் அரிவாள் இருக்கிறது. அந்த வேலையைச் சட்டைப்பை கத்தியிடம் எதிர்பார்ப்பதே பிசகு.

இங்கே துரு பற்றியும் சொல்லியாக வேண்டும். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு வாழைக்கறை கத்தியை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். புளியங்குடிக்காரருக்கு எலுமிச்சைச் சாறு. உவரி, இடிந்தகரைக்காரருக்கு உப்புக்காற்று. டி2 முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. துடைக்காமல் மடக்கி வைத்தால் புள்ளி விழும். ஒப்பினெலிலும் கார்பன், ஸ்டெயின்லெஸ் என ரெண்டு வகை உண்டு. கடலோரத்தில் இருப்பவர், மறதிக்காரர், ரெண்டு பேரும் ஸ்டெயின்லெஸ் பக்கம் போவது நல்லது. கூர் கொஞ்சம் சீக்கிரம் போனாலும் பரவாயில்லை.

வாங்கிய அன்று காற்றில் காகிதத்தை வகுந்து காட்டுவது ஒரு பரீட்சையே இல்லை. எந்த மட்டமான எஃகையும் ஒரு நாளைக்கு அப்படித் தீட்டலாம். அட்டையைப் பட்டை பட்டையாக நிறைய கிழித்துவிட்டு, அப்புறம் ஒரு தக்காளியின் தோலில் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். இறங்கினால் பதம் இருக்கிறது. வழுக்கினால், வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அந்த இடம் மடிந்திருந்தால் எஃகு மெத்து, பல் விழுந்திருந்தால் பதம் மிஞ்சிவிட்டது அல்லது வாய் அளவுக்கு மேல் மெல்லிசு.

திறந்த அலகு மடங்காமல் பிடித்துவைக்கும் பூட்டைச் சோதிக்காமல் வாங்குவதுதான் ஆபத்தான தவறு. கத்தியைத் திறந்து, பிடியைப் பற்றி, முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். அலகு மடங்கும் வழியில் விரல்கள் இருக்க வேண்டாம். பூட்டு நழுவினால் திருப்பி அனுப்புங்கள், பேச்சே இல்லை. அலகு மேலும் கீழும் ஆடினாலும் அப்படியே. பக்கவாட்டில் லேசாக ஆடினால் பெரும்பாலும் திருகாணியை இறுக்கினால் போதும். மடக்கினால் அலகு நட்ட நடுவில் நிற்கவில்லை என்று புலம்புகிறார்களே, அது பிடியில் உரசாதவரை ஒரு குறையே இல்லை. விக்டோரினாக்ஸின் சிறிய மாடல்களில் பூட்டு கிடையாது, அலகை நிறுத்திவைப்பது ஸ்பிரிங் விசைதான். அதை வைத்துக் குத்துகிற வேலை செய்யக் கூடாது. ஒப்பினெலின் மரப்பிடி மழைக்காலத்தில் ஊதி, அலகு திறக்க அடம்பிடிக்கும். பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

அலகில் அலையலையாகக் கோடு ஓடும் ‘டமாஸ்கஸ்’ எஃகு என்று ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் மேலே பொறித்த கோலம்தான். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு உருக்கு போனதே நம் தென்னாட்டிலிருந்து. அதை நமக்கே படம் போட்டு விற்கிறார்கள்! நிஜமான அடுக்கு எஃகில் அந்தக் கோடுகள் முதுகிலும் தொடரும். முதுகு மொழுமொழுவென்று இருந்தால் அச்சு.

விலையைக் கணக்குப் பார்க்கும்போது அடித்துக் காட்டும் எம்ஆர்பியை மறந்துவிடுங்கள். தீட்டுக்கல்லின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள கார்போரண்டம் கல் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் வாய் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை மரக்கட்டையில் கல்பொடி தூவி நிதானமாகத் தீட்டுவது காரணமில்லாமல் இல்லை.

கடைசியாகச் சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், தொழிலுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. மடக்குக் கத்தி அந்த அளவை எட்டாது. ஆனாலும் பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகையை வாங்காதீர்கள். நம் மாவட்டத்தில் வண்டிச் சோதனை நடக்கும் இடத்தில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. கோர்ட்டுக்கோ கொடை விழாவுக்கோ போகும்போது எந்தக் கத்தியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூத்துக்குடியில் விமானம் ஏறுவதாக இருந்தால், கைப்பையில் வைக்காமல் ஏற்றிவிடும் பெட்டிக்குள் போடுங்கள்.