ஸ்டார்ட்அப்புக்கு நடுவே ஞாயிறுதோறும் நூறு மீட்டர் கடற்கரை

ராத்திரி பதினொரு மணிக்கும் வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார், மாதக் கடைசியில் சம்பளக் கணக்கைப் பார்த்தால் நெஞ்சு இடிக்கிறது, இதற்குள் கரையில் கிடக்கிற குப்பைக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் அரிக்கிறது. உங்கள் நிலைமை இதுவென்றால் மேலே வாசியுங்கள். நானும் என் கூட்டாளியும் திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்கிறோம், அதோடு சேர்த்துத்தான் இந்த வேலையும் ஓடுகிறது.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். குப்பை பொறுக்க வருகிறவர்களுக்கு ஒரு ஆப் செய்யலாம் என்று இறங்கி, வரைபடம், புள்ளி, பட்டியலில் முதலிடம் என்று மூன்று கிழமையைத் தொலைத்தேன். பாவித்தது நாலு பேர், அதில் ஒருத்தி என் தங்கச்சி. அதே மூன்று கிழமையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் முதலாளிக்குச் செய்து தருகிறேன் என்ற பில் அச்சடிக்கிற வேலை அப்படியே கிடந்தது. கூட்டாளி கத்தவில்லை, "மச்சான், எங்களுக்கு இருக்கிறது ஒரு கொம்பனிதானே, நீ ரெண்டாவது ஒண்டு தொடங்கிட்டியோ?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே ஆப்பை அழித்துவிட்டு 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

அதனால் பகலெல்லாம் கொம்பனிக்குச் செய்கிற எதையும் இதில் செய்யாதீர்கள். கோட் வேண்டாம், லோகோ வேண்டாம், "ஆயிரம் பேரைச் சேர்ப்போம்" என்கிற பேச்சும் வேண்டாம். கிழமைக்கு இரண்டு மணி நேரம், மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய், அவ்வளவுதான். கூட்டாளியிடம் இதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலைக்கு இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள், முதலாளி கூப்பிட்டால் அவர்கள் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

இனி கரைக்குப் போவோம். எல்லாக் கரையையும் துப்புரவாக்கப் போகாமல் நூறு மீட்டரை மட்டும் எடுத்து, ஒவ்வொரு ஞாயிறும் அதே நூறு மீட்டருக்குப் போங்கள். எல்லைக்கு அசையாத ஒன்றைப் பிடியுங்கள். நான் ஒரு பக்கம் தென்னை மரத்தையும் மறுபக்கம் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தையும் குறித்துவிட்டு வந்தேன், அடுத்த ஞாயிறு போனால் வள்ளம் கடலில் நிற்கிறது! காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். கரைவலை இழுக்கிற இடமென்றால் வாடியில், அதாவது மீனவர் கொட்டிலில், இருக்கிற அண்ணைமாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அது அவர்களுடைய வேலைத்தலம்.

இரண்டு உரப்பை, தடித்த கையுறை, நீள இடுக்கி, மீன் நிறுக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு போதும். ஊசி, மருந்துக் குப்பியை இடுக்கியால் மட்டும் எடுங்கள். மணலுக்குள் துருப்பிடித்த இரும்பு ஏதாவது தெரிந்தால் தொடவே வேண்டாம், விலகி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள், போர் நடந்த ஊர் நம்முடையது, அது பழைய வெடிபொருளாகவும் இருக்கலாம். அடம்பன் கொடிக்குள் சிக்கிய பொலித்தீனை வெடுக்கென்று இழுத்தால் கொடியும் வேரோடு வரும், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். குந்தியிருந்து ஒவ்வொன்றாக உருவுங்கள். ஒதுங்கிய பாசி குப்பை இல்லை, அது கிடக்கட்டும்.

எடுத்ததை எண்ணி எழுதுவதுதான் முக்கியமான வேலை. போத்தல், மூடி, லஞ்ச் சீட் (சோற்றுப் பார்சல் சுற்றுகிற தாள்), ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்), தங்கூசி (நைலோன்) வலைத் துண்டு, செருப்பு, மற்றவை என்று கொப்பியில் ஏழு கோடு போட்டு எண்ணுங்கள், கடைசியில் மொத்த நிறையையும் குறியுங்கள். நாலு கிழமை போனதும் பக்கங்களைப் புரட்டினால் நீங்கள் நினைத்தது ஒன்று, கரை சொல்வது இன்னொன்று என்று தெரியும். என் கொப்பியில் போத்தலைவிட மூடிதான் அதிகம், காரணம் போத்தலை விற்கலாம் என்பதால் நமக்கு முன்னமே யாரோ பொறுக்கிவிடுகிறார்கள், மூடியை யாரும் குனிந்து எடுப்பதில்லை. பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. என் கொப்பிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பழைய சாமான் எடுக்கிறவரிடம் கொடுக்கிறதென்றால் போத்தலையும் மூடியையும் பிரித்துக் கொடுங்கள், இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். சந்தேகமென்றால் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், போத்தல் துண்டு தாழும், மூடித் துண்டு மிதக்கும். மணலும் உப்புமாகக் கொண்டுபோனால் விலையைக் குறைப்பார்கள், அலசிக் காயவைத்துக் கொடுங்கள். விற்க முடியாததைப் பையில் கட்டிக் கரையில் வைத்துவிட்டு வந்தால் இரவில் நாய் கிழித்துவிடும். உப்புவெளிப் பக்கம் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளிக்குக் குச்சவெளி பிரதேச சபை. வண்டி எந்த நாள் வரும் என்று கேட்டுவைத்து அந்த நாளுக்குப் பையைக் கொடுங்கள்.

இனித்தான் சிக்கலான இடம். கொப்பியில் தெரிவதும் உங்கள் வாடிக்கையாளரும் ஒருநாள் சந்தித்துக்கொள்வார்கள். கரையில் கிடக்கிற அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் அவர்களுடைய அறைகளிலும் இருக்கும். 19 லீட்டர் போத்தல் ஒன்றை வராந்தாவில் வைத்தால் 38 சின்னப் போத்தல் மிச்சம், சொல்லவேண்டிய கணக்குத்தான். ஆனால் பில் வாங்கப் போகிற அன்று சொல்லாதீர்கள், சொன்னால் "காசு வாங்க வந்தவன் புத்தியும் சொல்கிறான்" என்றுதான் படும். வேறொரு நாள் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது கொப்பியைக் காட்டுங்கள். நான் காட்டிய மூவரில் ஒருவர் மாற்றினார், ஒருவர் சிரித்தார், ஒருவர் இன்னும் யோசிக்கிறார். மென்பொருளுக்குள் "பசுமை விடுதி" என்று ஒரு பட்டனை வைக்க ஆசை வரும், எனக்கும் வந்தது, வைக்கவில்லை.

தொடங்க நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். கடல் அடங்கியிருக்கும், சீசனும் தொடங்கியிராது. மே தொடங்கி செப்டெம்பர் வரை வாடிக்கையாளர்கள் தலையில் ஏறி நிற்பார்கள், அப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனாலும் குற்றமில்லை, கொப்பியில் "போகவில்லை" என்று மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் பிறகு கணக்குக் குழம்பும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற நாளில் பையின் வாயைக் காலால் மிதித்துக்கொண்டு போடுங்கள். (கச்சான் கடலை விற்கிற அண்ணை பேப்பரில்தான் சுருட்டித் தருகிறார், அவர் பேரில் என் கொப்பியில் ஒரு கோடும் இல்லை.) நவம்பரில் மழை பிடித்து வடகிழக்கு வாடைக் காற்று எழும்பிவிட்டால் நிறுத்துங்கள், அலைக்குள் இறங்கிப் பொறுக்கப் போகவேண்டாம். அந்த மாதங்களில் தென்னையடியில் நின்று ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். வேற்று மொழி எழுதிய போத்தல் எனக்கு வந்ததெல்லாம் அப்போதுதான்.

அப்புறம், கையுறையை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். ஒருமுறை நான் அப்படியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்து, திங்கட்கிழமை அதே பெட்டியிலிருந்து லப்டொப்பை எடுத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் முன்னால் போய் இருந்தேன்.