கவுன்சில் வீட்டுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டுக்கான, அதாவது உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கான, காத்திருப்புப் பட்டியலில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. பெயரைப் பதிந்துவிட்டால் ஒருநாள் நம் முறை வரும் என்று வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். முறை அப்படி வருவதில்லை. 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், யாருக்கெல்லாம் முன்னுரிமை தர வேண்டும் என்று சொல்கிறது: வீடற்றவர்கள், நெரிசலான அல்லது வாழத் தகாத வீட்டில் இருப்பவர்கள், உடல்நலம் காரணமாக வீடு மாற வேண்டியவர்கள், குறிப்பிட்ட பகுதிக்குப் போக முடியாவிட்டால் சிரமப்படக்கூடியவர்கள். இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பதை ஆதாரத்தோடு காட்டினால்தான் உங்கள் பேண்ட், அதாவது கவுன்சில் உங்களை வைக்கும் முன்னுரிமைப் பிரிவு, உயரும். காத்திருந்த காலம் பெரும்பாலும் ஒரே பேண்டில் இருப்பவர்களுக்குள்தான் கணக்கில் வரும்.

சொந்தக்காரர் சொன்னதை வைத்து விண்ணப்பிப்பது முதல் தவறு. 2011-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் பெருமளவு தானே முடிவு செய்கிறது. சில கவுன்சில்கள் பல வருடம் அந்தப் பகுதியில் வசித்திருக்க வேண்டும் என்கின்றன. லண்டனின் கேம்டன் கவுன்சிலில் பேண்டுக்குப் பதிலாகப் புள்ளிகள். பக்கத்துக் கவுன்சிலில் அக்காவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்பதில்லை. ஒதுக்கீட்டு விதிகளை வெளியிடுவது கவுன்சிலின் சட்டக் கடமை. உங்கள் கவுன்சிலின் விதிகளை முதலில் படியுங்கள்.

விசாவையும் பாருங்கள். அரச நிதியுதவி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தால், ஆலோசகரிடம் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். அது விசாவையே பாதிக்கலாம். பெற்றோரைப் பராமரிப்பதாக எழுதிக் கொடுத்து அழைத்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெற்றோருக்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும், பொதுவாக முதல் 5 வருடம் அவர்கள் கவுன்சில் வீட்டுக்குத் தகுதி பெறமாட்டார்கள்.

நம் ஆட்கள் அதிகம் இழப்பது கூச்சத்தால்தான். அதிகாரி கேட்கும்போது, "பரவாயில்லை, எப்படியோ சமாளிக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். அது அப்படியே கோப்பில் ஏறிவிடும். ஒரே அறையில் நான்கு பேர் படுக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடமே கேட்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் பிள்ளை முன்னால் யார் வாய் திறப்பார்கள்? குடும்ப வன்முறையால் வீடற்றவரானவர் 2021 முதல் சட்டப்படி 'முன்னுரிமைத் தேவை' உள்ளவராகவே கருதப்படுவார். சொன்னால்தானே அது கிடைக்கும்.

மருத்துவக் கடிதத்திலும் இதே சிக்கல். "இவருக்கு மூட்டுவாதம் இருக்கிறது" என்று மட்டும் உங்கள் குடும்ப மருத்துவர் (ஜிபி) எழுதினால் அதிகம் பயனில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, படியில் இரண்டு முறை விழுந்தார், அதனால் மருத்துவமனைக்குப் போவதையே தவிர்க்கிறார் என்று, இப்போதைய வீடு நோயை எப்படி மோசமாக்குகிறது என்பது அதில் இருக்க வேண்டும். பிசியோ, மனநல ஆலோசகர், பள்ளி ஆகியோரின் கடிதமும் உதவும்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதுதான். தங்கியிருக்க உரிமை இருந்தும் போய்விட்டால், வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்யக்கூடும். அப்படி முடிவானால் நிரந்தரமான உதவி போய்விடும். நோட்டீஸ் வந்த வாரமே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போங்கள். 56 நாட்களுக்குள் வீடு இழக்கும் நிலையில் இருப்பவருக்கு, தகுதி இருந்தால், உதவ வேண்டிய கடமை 2018 ஏப்ரல் முதல் கவுன்சிலுக்கு உண்டு. இது காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேறான விண்ணப்பம். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று இதைச் செய்யாமல் விடுபவர்கள் பலர். வீட்டில் இடம் கொடுத்த உறவினரும், "எவ்வளவு நாளானாலும் இருக்கட்டும்" என்று அதிகாரியிடம் மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம். போகச் சொல்ல வேண்டிய நிலைமை உண்மையிலேயே இருந்தால், அதைத் தேதியோடு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பொய் எழுதக் கூடாது. பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்.

பிட் போடுவதில், அதாவது காலியாகும் வீட்டுக்கு விருப்பம் பதிவதில், பதற்றம் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் முதலில் போட்டவருக்கு வீடு கிடைப்பதில்லை, அந்தச் சுற்று முடிவதற்குள் போட்டால் போதும். உங்களுக்கு அனுமதித்த படுக்கையறை எண்ணிக்கையைத் தாண்டிப் போடும் பிட் வீண். முந்தைய வீடுகள் எந்த பேண்டுக்கு, எந்தப் பதிவுத் தேதிக்குப் போயின என்பதைப் பல கவுன்சில்கள் வெளியிடுகின்றன. அதைப் பார்த்தால் எங்கே வாய்ப்பு இருக்கிறது என்று ஓரளவு தெரியும். குழந்தை பிறந்தாலும் முகவரி மாறினாலும் உடனே தெரிவியுங்கள். வருடாந்தப் புதுப்பிப்புக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் பெயரையே எடுத்துவிடக்கூடும்.

அப்புறம், வீடு கிடைத்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. வீடற்றோர் பிரிவு தரும் இறுதி வீடு பிடிக்கவில்லை என்று மறுத்தால், கவுன்சில் தன் கடமை முடிந்தது என்று சொல்லிவிடலாம். அது உங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தால், ஏற்றுக்கொண்டே மறுபரிசீலனை கேட்க முடியும். அதற்கு அவகாசம் 21 நாட்கள். அதற்குள் ஆலோசனை அமைப்புகளான ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். விண்ணப்பிக்கவும் இந்த அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கவும் கட்டணம் கிடையாது. காசு கொடுத்தால் கவுன்சில் வீடு வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் ஒரு பவுண்ட் கூடக் கொடுக்காதீர்கள்.