பானட்டில் மங்கல் திட்டு: எனக்குப் பலித்த வழி

கறுப்புக் கார். கீறல் எடுக்க பாலிஷ் மெஷினில் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் சொரசொரப்பான பசை) போட்டுத் தேய்த்ததிலிருந்து பானட்டில் அங்கங்கே பாலாடை படிந்த மாதிரி மங்கல். நிழலில் தெரியாது; சாய்வெயிலில்தான் தெரியும்.

ஷாம்பு போட்டுக் கழுவினேன், அசையவில்லை. உப்புக்கறையோ என்று வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன், அதுவும் இல்லை. க்ளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) தேய்த்ததும் பரப்பு வழவழப்பானது, மங்கல் மட்டும் அப்படியே. வாக்ஸ் போட்டதும் மறைந்தது. சில கழுவலில் திரும்பிவிட்டது.

துப்பு ஈரத்தில் கிடைத்தது. திட்டின் மேல் தண்ணீர் நிற்கும்வரை பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, காயக் காய மங்கல் ஓரத்திலிருந்து உள்ளே படர்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மெஷின் சுழன்ற போக்கிலேயே மெல்லிய வளைகோடுகள். ஆக, இது கறையே அல்ல. க்ளியர் கோட்டில், அதாவது பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சில், காம்பவுண்ட் விட்டுப்போன நுண்கீறல்கள். தண்ணீரோ வாக்ஸோ அவற்றை நிரப்பினால் ஒளி சிதறுவது குறைகிறது, அவ்வளவுதான்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் வாக்ஸை எடுத்தேன். மெத்தென்ற ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் (காம்பவுண்டைவிட நைசான கடைசிக்கட்ட பாலிஷ்), குறைந்த வேகம், சின்னச் சின்னச் சதுரமாக. முடிக்கும்போது மெஷினை அழுத்தவே கூடாது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அதில் காய்ந்து ஒட்டிய பாலிஷே புது மங்கலை உண்டாக்கும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. பாலிஷில் உள்ள எண்ணெயும் கீறலை மறைக்கும் என்பதால், மறுபடி ஆல்கஹாலால் துடைத்துப் பார்த்தேன். மங்கல் போயிருந்தது. அப்பாடா! அதன்பிறகுதான் வாக்ஸ்.

திட்டின் ஓரம் செதிலாக உரிந்தால் க்ளியர் கோட்டே போய்விட்டது என்று அர்த்தம். அங்கே பாலிஷ் உதவாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.