தண்டர்பேர்ட் திணறுகிறதா? வீங்கிப்போன இன்பாக்ஸைச் சரிசெய்யும் முறை

மெயில் பார்க்க நீங்கள் கணினியில் வைத்திருக்கும் தண்டர்பேர்ட் புரோகிராம் திறக்கவே நேரம் எடுக்கிறது. ஒரு மெயிலைக் கிளிக் செய்தால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. நூற்றுக்கணக்கில் அழித்த பிறகும் சி டிரைவில் இடம் கூடவில்லை. இப்படி இருந்தால், உங்கள் மெயில் கோப்பு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று பொருள். பலரும் உடனே புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். அதனால் பயனில்லை. மெயில்கள் இருப்பது புரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில்; அன்இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

முதலில் அந்த ஃபோல்டரைப் பார்த்துவிடுவோம். வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டு மெனுவில் 'ஹெல்ப்', அதற்குள் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்'. திறக்கும் பக்கத்தில் 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரே உள்ள பட்டனை அழுத்துங்கள். உள்ளே 'மெயில்', 'ஐமேப்மெயில்' என்ற ஃபோல்டர்கள் இருக்கும். பாப் கணக்கின் (மெயில்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) மெயில்கள் முதலாவதில், ஐமேப் கணக்கின் (மெயில்கள் சர்வரிலேயே இருக்க, கணினி அதனோடு ஒத்துப்போகும் முறை) மெயில்கள் இரண்டாவதில். அவற்றுக்குள் போனால் 'இன்பாக்ஸ்' என்று இரண்டு கோப்புகள் தெரியும். எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) இல்லாத கோப்பில்தான் உங்கள் மெயில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. எம்எஸ்எஃப் என்று முடிவது அதற்கான அட்டவணை மட்டுமே. முதல் கோப்பு பல ஜிபி காட்டினால், ஆள் இதுதான்.

அழித்தும் ஏன் குறையவில்லை? தண்டர்பேர்ட் மெயிலை அழிக்கும்போது கோப்பிலிருந்து எடுப்பதில்லை, 'இது அழிக்கப்பட்டது' என்று குறித்து வைக்கிறது. நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டாலும் பக்கம் குறையாது அல்லவா, அதுபோலத்தான். சின்ன ஃபோல்டர் ஒன்றின் கோப்பை வேறு இடத்தில் காப்பி செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரி இருக்கும். படித்த மெயிலுக்கு அதில் 0001. படித்து அழித்ததற்கு 0009. கீழே முழு மெயிலும், அட்டாச்மென்ட்டோடு, அப்படியே கிடக்கும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: காப்பி எடுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பாப் கணக்கு வைத்திருப்பவர்களின் பழைய மெயில்கள் பெரும்பாலும் சர்வரில் இருக்காது, இந்தக் கணினியில் இருப்பது மட்டும்தான். பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் ஆக இருக்க வேண்டும்.

படி 2: கனமானவற்றை அழியுங்கள்

மெயில் பட்டியலில் 'சைஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, அதன் தலைப்பைக் கிளிக் செய்தால் மெயில்கள் அளவுப்படி வரிசையாகிவிடும்; பெரியவை கீழே வந்தால் மறுபடி ஒருமுறை கிளிக் செய்யுங்கள். இடத்தை அடைப்பது எழுத்துகள் இல்லை, அட்டாச்மென்ட்கள்தான். மெயிலுக்குள் போகும்போது ஒரு கோப்பு தன் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிடுகிறது. மெயில் வேண்டும், இணைப்பு மட்டும் வேண்டாம் என்றால், இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து 'டிடாச்' கொடுங்கள். கோப்பு நீங்கள் சொல்லும் ஃபோல்டரில் சேமிக்கப்பட்டு, மெயிலிலிருந்து நீங்கிவிடும்.

ஐமேப் கணக்கு என்றால் கவனம்: இங்கே அழித்தால் சர்வரிலும், உங்கள் போனிலும் போய்விடும். முடிந்ததும் 'டிராஷ்' ஃபோல்டரைக் காலி செய்யுங்கள்.

படி 3: காம்பாக்ட்

உண்மையில் இடம் கிடைப்பது இங்கேதான். ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'காம்பாக்ட்'. எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்துச் செய்ய, ஆல்ட் கீயை அழுத்தினால் வரும் 'ஃபைல்' மெனுவில் 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. அழிக்கப்படாத மெயில்களை மட்டும் ஒரு புதுக் கோப்பில் எழுதிவிட்டு, பழையதை அது தூக்கிப் போடும். அதனால் டிஸ்க்கில் ஏறக்குறைய அந்த ஃபோல்டர் அளவுக்குக் காலி இடம் வேண்டும். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள், நடுவில் மூடாதீர்கள். பாதியில் நின்றால் 'என்எஸ்டிஎம்பி' என்ற விசித்திரப் பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சும். அதில் உங்கள் மெயில்களின் நகல் இருக்கலாம், பார்க்காமல் அழிக்க வேண்டாம்.

படி 4: அட்டவணையும் தேடலும்

மெயில் எண்ணிக்கை தவறாகக் காட்டினால், ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள், எம்எஸ்எஃப் அட்டவணை புதிதாக எழுதப்படும். தேடல் மட்டும் மந்தமாக இருந்தால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரில் 'குளோபல்-மெசேஜஸ்-டிபி' என்று தொடங்கும் எஸ்கியூலைட் கோப்பை அழியுங்கள். அது தேடலுக்கான குறிப்புதான், மெயில்களுக்கு ஆபத்தில்லை. மறுபடி திறந்ததும் தானே உருவாகும். கொஞ்ச நேரம் கணினி மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

அப்புறம், ஜிமெயிலை ஐமேப்பில் வைத்திருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். 'ஆல் மெயில்' ஃபோல்டரும் இறங்குவதால் ஒரே மெயில் இரண்டு இடத்தில் சேமிக்கப்படும். கணக்கின் அமைப்பில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போய், 'அட்வான்ஸ்ட்' பட்டியலில் அந்த ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பகுதியில், இத்தனை நாள் மெயில் மட்டும் கணினியில் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிடலாம்.

இன்பாக்ஸையே கிடங்காக வைத்திருப்பது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. பழைய மெயில்களைத் தேர்ந்தெடுத்து 'ஏ' கீயை அழுத்தினால் ஆண்டுவாரியாக 'ஆர்கைவ்ஸ்' ஃபோல்டருக்குப் போய்விடும். ஒரே மூச்சில் பத்தாயிரம் மெயில்களை நகர்த்தாமல், சில நூறாக நகர்த்துங்கள். நகர்த்தியதும் இன்பாக்ஸை மறுபடி காம்பாக்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவை பழைய கோப்பிலும் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் திணறினால் ஆன்டிவைரஸைப் பாருங்கள். ஒரு மெயில் வந்தாலும் பல ஜிபி கோப்பு முழுவதையும் அது மறுபடி ஸ்கேன் செய்யக்கூடும். ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் குவாரன்டைனில் (தனியே பூட்டி வைக்கும் இடத்தில்) போட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. அதன் 'எக்ஸ்குளூஷன்' பட்டியலில் புரொஃபைல் ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.