குப்பை சேகரிக்கச் செல்லும் பணியாளர்களுக்கு வழியில் கழிப்பறை, குடிநீர், கை கழுவும் வசதி: ஏற்பாடு செய்வது எப்படி?

குப்பை சேகரிக்கும் பணியாளர்களுக்கு என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான நிர்வாகங்கள் பணிமனையைக் காட்டுகின்றன. அங்கே கழிப்பறை இருக்கும், குழாய் இருக்கும், உட்கார ஓர் அறையும் இருக்கும். ஆனால் பணியாளர் அங்கே இருப்பது வருகைப் பதிவு செய்யும் சில நிமிடங்களும், வேலை முடிந்து வண்டியைக் கொண்டுவந்து விடும் நேரமும் மட்டும்தான்; மற்ற நேரம் முழுவதும் தெருவில் கழிகிறது. பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழலை வேலை செய்வோரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் சேர்த்தது. தெருவையே பணியிடமாகக் கொண்டவருக்கு அந்த உரிமை தெருவில்தான் கிடைத்தாக வேண்டும். ஆகவே எந்தத் தெருவுக்கு எந்த வண்டி என்று முடிவு செய்யும் அதே மேசையில், அந்த வண்டியோடு போகிறவர்கள் எங்கே கழிப்பறைக்குச் செல்வார்கள், எங்கே கை கழுவுவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதும் முடிவாக வேண்டும்.

வழித்தடத்தைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

முதல் வேலை, ஒவ்வொரு குழுவும் செல்லும் பாதையை வரைபடத்தில் குறித்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பார்கள் என்பதை அதன்மேல் எழுதுவது. பிறகு அந்தப் பாதையில் உள்ள கழிப்பறைகளைக் குறித்து, ஒவ்வொன்றும் திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் எழுதுங்கள். பல இடங்களில் சிக்கல் இங்கேதான் வெளிப்படும். குப்பை சேகரிப்பு விடியற்காலையில் தொடங்குகிறது. நூலகம், அலுவலகம், வணிக வளாகம் எதுவும் அப்போது திறந்திருக்காது. வரைபடத்தில் ஐந்து கழிப்பறைகள் இருந்தும், குழு அந்த வழியாகப் போகும் நேரத்தில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை என்றால், அந்தப் பாதையில் கழிப்பறையே இல்லை என்றுதான் கணக்கிட வேண்டும்.

லாரியில் செல்பவருக்கும் தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் தூரம் ஒன்றாக இருக்காது. லாரிக்குச் சில நிமிடமாக இருக்கும் தொலைவு, குப்பை நிறைந்த வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு நடந்து போய்த் திரும்ப வேண்டியவருக்கு அரை மணி நேரமாகிவிடும். அந்த நேரத்தில் வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் உண்டு. ஆகவே வரைபடத்தை மட்டும் நம்பாமல், திட்டமிடுபவர் ஒரு முழு ஷிப்ட் குழுவோடு சேர்ந்து நடந்து பார்ப்பது நல்லது. பணியாளர்கள் இப்போது எங்கே போகிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். எந்தக் காவலாளி அனுமதிக்கிறார், எந்த இடத்தில் விரட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இடம் கிடைத்ததும் அதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். பேருந்து நிலையம், சந்தை, மருத்துவமனை, பெட்ரோல் பங்க், சமுதாயக்கூடம் போன்றவை விடியற்காலையிலும் திறந்திருக்க வாய்ப்புள்ளவை. யார் யார் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், துப்புரவுச் செலவில் எவ்வளவு பங்கை நிர்வாகம் ஏற்கும் என்பதைக் கடிதமாகக் கொடுத்து, வாயிலில் இருப்பவருக்கும் அது தெரியும்படி செய்ய வேண்டும். மேலாளர் சம்மதித்த பிறகும் காவலாளி தடுத்தால் அந்தச் சம்மதத்தால் பயனில்லை. கட்டணக் கழிப்பறையாக இருந்தால் செலவை நிர்வாகமே நேரடியாகச் செலுத்த வேண்டும். பணியாளர் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு ரசீது காட்டிப் பெறட்டும் என்பது நடைமுறையில் வசதியை மறுப்பதற்குச் சமம். காலணியில் ஒட்டிய அழுக்கையும் நாற்றத்தையும் காரணம் காட்டித் தயங்கும் இடங்களில், வெளியே ஒரு குழாயும் காலணியைத் தேய்க்க ஒரு பிரஷ்ஷும் வைத்துக்கொடுத்தால் பெரும்பாலும் தடை நீங்கும். குடியிருப்பவர்களிடம் கேட்டு அவர்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அது பணியாளரைக் கெஞ்ச வைப்பது.

இதற்கான நேரத்தையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற முறையில் இயங்கும் குழுக்கள் இடைவேளையைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிடும். அதைப் பார்த்து அவர்களுக்கு இடைவேளை தேவையில்லை என்று முடிவு செய்யக் கூடாது. இத்தனை வீடுகளை இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற இலக்கில் கழிப்பறைக்கும் உணவுக்கும் ஆகும் நேரத்தை முதலிலேயே கழித்துவிட்டு, மீதமுள்ள நேரத்துக்கு மட்டும் வீடுகளை ஒதுக்குங்கள்.

வண்டியிலேயே கை கழுவும் ஏற்பாடு

நிர்வாகம் செலவிடும் தொகைக்கு உடனடியாகப் பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. பணியாளர் ஒருவர் தண்ணீர் குடிப்பதை அருகிலிருந்து கவனியுங்கள். வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிறார் அல்லது அக்குளில் இடுக்கி உருவுகிறார். கையுறைக்குள் கசிந்த குப்பை நீரால் விரல்கள் ஏற்கெனவே ஈரமாக இருக்கின்றன. அந்த விரல்களாலேயே பாட்டிலின் மூடியைத் திறக்கிறார். கையுறை கொடுத்துவிட்டோம், கை சுத்தமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியைக் கண்டாலே போதும். வயிற்றுப்போக்குக் கிருமிகளும், எலியின் சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் கிருமியும் குப்பையில் இருக்கக்கூடும். பின்னது தோலில் உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும்.

லாரியில் 20 லிட்டர் தொட்டி ஒன்றைப் பொருத்தினால் மூவர் கொண்ட குழுவுக்கு ஒரு ஷிப்டுக்குப் போதும்: ஒருவர் நான்கு முறை, முறைக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 12 லிட்டர்தான் செலவாகும். குழாயை முழங்கையாலோ காலாலோ இயக்கும்படி அமையுங்கள்; அழுக்குக் கையால் திறந்த குழாயைக் கழுவிய கையால் மூடினால் கழுவியதில் பயனில்லை. திரவச் சோப்பு நல்லது, ஏனெனில் கட்டிச் சோப்பு தரையில் விழும், தொலையும். துடைக்கக் காகிதத் துண்டு வையுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே துணியைத் தொங்கவிடக் கூடாது. குறைந்தது 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். சானிடைசரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது; அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. தள்ளுவண்டிக்கு, குழாய் வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்றைப் பக்கவாட்டில் கட்டி, வழியில் நிரப்பிக்கொள்ளும் இடத்தையும் காட்டிக்கொடுங்கள். இந்தத் தொட்டியும் குடிநீர்க் கேனும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது.

அதே தண்ணீர் காயத்துக்கும் உதவும். குப்பையில் கிடந்த ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிழியாமல், வாயால் உறிஞ்சாமல், ஓடும் நீரில் சோப்பால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எந்த மருத்துவமனை, யாரை அழைப்பது என்பதை வண்டியின் முதலுதவிப் பெட்டி மூடியிலேயே ஒட்டிவையுங்கள். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் வேலையில் சேரும்போதே நிர்வாகச் செலவில் தொடங்கப்பட வேண்டும்.

குடிநீரும் நிழலும்

வழியில் கழிப்பறை இல்லாதபோது பணியாளர் முதலில் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதுதான். பெண்கள் இதை இன்னும் கூடுதலாகச் செய்கிறார்கள். அதன் விளைவு சிறுநீர்த் தொற்றாகவும், வெயில் காலத்தில் மயக்கமாகவும் வெளிப்படுகிறது. ஆகவே குடிநீரையும் கழிப்பறையையும் ஒன்றாகவே திட்டமிடுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடுக்காமல் விட்டால் கொடுத்ததும் பயன்படாது.

வெயிலில் உடலுழைப்புச் செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது ஏறத்தாழ 240 மில்லி, தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை ஆகும் இந்த அளவை ஒருவர் தோளில் சுமக்க முடியாது. வண்டியிலோ நிரப்பும் இடங்களிலோதான் இருக்க வேண்டும். பல மணி நேரம் வியர்த்தால் உப்புச் சத்தும் தேவைப்படும். புதிதாகச் சேர்ந்தவரையும் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவரையும் வெயில் வேலையில் முழுநேரம் உடனே இறக்காமல், பல நாட்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். சாப்பிடுவதற்கு நிழலும் இருக்கையும் உள்ள ஓர் இடத்தைப் பாதையின் நடுப்பகுதியில் குறித்துக் கொடுங்கள். உணவை வண்டியின் முன்பகுதியில் மூடியுள்ள தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். கழற்றிய கையுறை அதே பெட்டிக்குள் போகக் கூடாது.

பெண்கள் உள்ள குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள், வெளிச்சம், தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள கூடை ஆகிய நான்கையும் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் கூடுதல் முறை நிற்க வேண்டியிருந்தால், அதற்கு ஆண் மேற்பார்வையாளரிடம் விளக்கம் சொல்லி அனுமதி கேட்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

பணிமனையில் குளிக்கும் இடமும், சொந்த உடைக்கும் வேலை உடைக்கும் தனித்தனி அறைகள் கொண்ட லாக்கரும், வேலை உடையை அங்கேயே துவைக்கும் ஏற்பாடும் வேண்டும். அழுக்கான உடை வீட்டுக்குப் போனால் குழந்தைகளின் துணிகளோடு சேர்ந்துவிடும்.

ஏற்பாடு நடக்கிறதா என்று எப்படி அறிவது?

பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதால் இது தெரியாது. ஷிப்ட் முடிந்து வரும் வண்டிகளின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பினால், குழாய் அடைத்திருக்கிறது, சோப்பு தீர்ந்திருக்கிறது அல்லது நிற்க நேரமில்லை என்று பொருள். எது என்பதைக் குழுவிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை, மேற்பார்வையாளர் உடனில்லாமல் பணியாளர்களோடு பேசுங்கள். பெண்களிடம் பெண் அலுவலர் பேசட்டும். ஒரு கழிப்பறை மூடப்பட்டதாகச் சொன்னால் மாற்று இடத்தை அன்றே முடிவு செய்து, மறுநாள் வண்டி கிளம்புவதற்குள் ஓட்டுநரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.