மண்புழுவை எண்ணிப் பாருங்கள்

ஏற்காட்டில் நல்ல மழை பெய்த இரண்டாம் நாள், காப்பிச் செடி ஓரம் ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சாக்கில் கொட்டி, புழுக்களை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் மண் நன்றாக இருக்கிறது. ஒன்றிரண்டுதான் என்றால், சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்திவிட்டு மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள். புழுவுக்கு அதுதான் சாப்பாடு. கீழே சேலத்தில் கோடையில் எண்ண வேண்டாம், ஈரம் தேடி ஆழத்துக்குப் போயிருக்கும்.

இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண், புழுக்களின் வயிறு வழியாக மேலே வருவதாக 1881-இல் டார்வின் கணக்கிட்டார். மனிதர் புழுக்களைப் பியானோ கேட்க வைத்தும் பார்த்தவர்! சத்தத்துக்கு அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வு தெரிந்து வளைக்குள் ஓடிவிட்டன.

எண்ணி முடித்ததும் சட்டென்று குழியிலேயே விட்டுவிடுங்கள், வெயில் ஆகாது.